அக்கா வீடும் தங்கச்சி வீடும்

எண்ணூர்க் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஒரு சின்னக் குப்பத்தில் நான் நாற்பது நாள் தங்கியிருந்தேன். தொண்ணூறுகளின் கடைசி அது. அப்போது நான் விலங்கியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். படிப்பு முடிய ஓர் ஆய்வேடு தர வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடத்தில் தண்ணீரின் உப்பு ஏறி இறங்கும்போது இறால் குஞ்சுகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று பார்ப்பது என் தலைப்பு. தலைப்பை எழுதிக் கொடுக்கும்போது சுலபமாகத்தான் தெரிந்தது.

ஆற்றில் தண்ணீர் ஏறுவதும் இறங்குவதும் கடலைப் பொறுத்தது. இன்று காலை ஏழுக்கு ஏறினால் நாளை எட்டுக்குப் பக்கம் ஏறும். வியாசர்பாடியில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பின் மூன்றாவது மாடியிலிருந்து கிளம்பி, இரண்டு பஸ் மாறி, எண்ணூரில் இறங்கி, சாம்பல் படிந்த ரோட்டில் நடந்து, படகுக்குக் காத்திருந்து, ஆற்றைத் தாண்டிப் போய்ச் சேரும்போது தண்ணீர் எனக்காக நின்றுகொண்டிருக்காது. முதல் வாரத்தில் மூன்று முறை வெறும் பாட்டிலோடு திரும்பி வந்தேன். அங்கேயே தங்கினால்தான் நடக்கும் என்று பேராசிரியை சொல்லிவிட்டார்.

வழி காட்டியது அம்மா. எங்கள் மார்க்கெட்டில் நடைபாதையில் சாக்கு விரித்து ஒரு பெண் மீன் விற்பார். அம்மா பல வருடமாக அவரிடம்தான் வாங்குவாள். அவர் ஊர் ஆற்றங்கரை என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியும். ஒருநாள் கிழங்கான் மீனைப் புரட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள், "எங்க பொண்ணு ஆத்தாண்ட வந்து தங்கிப் படிக்கணுமாம். ஒங்க ஊர்ல எடம் கீதா?" அந்த அக்கா யோசிக்கவே இல்லையாம். "எங்க வூட்ல வந்து இருக்கச் சொல்லு. ஒரு பாய் விரிக்க எடம் இல்லாமயா பூடும்?"

அம்மா இதைச் சந்தோஷமாக வந்து சொன்னாள். அப்பா முகம் மாறவில்லை. ரயில் பெட்டி செய்யும் பணிமனையில் வேலை பார்த்தவர், அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிய பிறகு சொன்னார்: "நம்மகிட்ட மீன் விக்கிறது வேற. வூட்ல வெச்சி சோறு போடறது வேற. நா ஒரு வாட்டி வந்து பாக்கறேன்."

அவர் என்ன பார்க்க வருகிறார் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா என்னோடு படகில் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, பேனா. ஆற்றின் ஒரு கரையில் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் நின்றன. மறுகரையில் காய்கிற வலைகள். எங்களை இறக்கிவிட்ட இடத்தில் முட்டியளவு தண்ணீர். அப்பா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி நடந்தார். குப்பத்தில் எண்பது வீடு இருந்தால் அதிகம். பாதி கூரை, பாதி கல்நார் ஓடு.

அக்காவின் வீடு கூரை வீடு. உள்ளே அவர், அவர் கணவர், ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண். அக்காவுக்கு நாற்பது வயதிருக்கும். மார்க்கெட்டில் உட்கார்ந்தே பார்த்தவரை நின்று பார்த்தபோது இவ்வளவு உயரமா என்று தோன்றியது. எங்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டார். இறால் தொக்கு, மடவை மீன் குழம்பு. அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். முடித்ததும், தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கழுவுவதற்காக வாசல் பக்கம் போனார். எங்கள் வீட்டில் அவர் ஒருநாளும் தட்டு கழுவியதில்லை. வெளியிடங்களில் அவருக்கு இது எப்போது, யார் வீட்டில் பழக்கமானது என்று நான் அதுவரை யோசித்ததும் இல்லை.

அக்கா ஓடிவந்து தட்டைப் பிடுங்கினார். "இன்னாண்ணா இது, பேஜாரு பண்ற? எங்க வூட்ல ஆம்பள தட்டு கழுவினான்னு தெரிஞ்சா ஊரே கூடி சிரிக்கும். வெய்யி அத்த." தட்டைத் தன் பாத்திரங்களோடு சேர்த்துப் போட்டுவிட்டு, "மோர் குடிக்கிறியா?" என்றார்.

நாங்கள் யார் என்று தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. படகுக்குத் திரும்பும்போது அப்பா என் தோளைத் தொட்டு, "இருமா. இங்க இருக்கலாம்," என்றார். படகு நடு ஆற்றுக்குப் போன பிறகும் செருப்பைக் கையிலேயே வைத்திருந்தார்.

அந்த வீட்டில் நாள் விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அக்கா மீன் கூடையோடு முதல் படகில் போய்விடுவார். அவர் கணவர் வலையைப் பார்க்கப் போவார். நான் தண்ணீர் ஏறும் நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் பாட்டில்களோடு ஆற்றுக்குள் இறங்குவேன். இடுப்பளவு தண்ணீருக்கு மேல் எனக்குத் தைரியம் கிடையாது. பொடிக்கண் வலையில் சிக்கும் இறால் குஞ்சுகளை எண்ணி நோட்டில் எழுதுவேன். சுற்றிலும் பெண்கள் மார்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிப்பார்கள். மின் நிலையத்திலிருந்து வெந்நீர் வந்து கலக்கும் பக்கமாக நான் போனால், "ஏ காலேஜி, அந்தாண்ட போவாத, வெந்துடுவ!" என்று கத்திவிட்டுச் சிரிப்பார்கள்.

அக்காவின் கணவருக்கு என் பாட்டில்கள் மேல் மரியாதை இல்லை. "ஆத்துத் தண்ணில உப்பு எவ்ளோ கீதுன்னு நாக்குல வெச்சா தெரியாதா? இதுக்கா இவ்ளோ படிப்பு?" ஒருநாள் பந்தயம் வைத்தோம். அவர் மூன்று பாட்டில்களை நக்கிப் பார்த்து வரிசைப்படுத்தினார். நான் உப்பளவு பார்க்கும் கருவியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வரிசை சரியாக இருந்தது. அன்று முதல் அவர் என்னைத் தன் தொழிலைக் கொஞ்சம் தெரிந்தவள் போல நடத்தத் தொடங்கினார்.

எதிரில், நாலு எட்டு தூரத்தில், ஒரு கான்கிரீட் வீடு. அந்த வரிசையில் அது ஒன்றுதான் மேலே தளம் போட்டது. பச்சைக் கதவு. வாசலில் ஒரு பெண் பாத்திரம் துலக்கும்போதும் துணி உலர்த்தும்போதும் என்னையே பார்ப்பார். அக்காவின் ஜாடை அப்படியே. நான் சிரித்தால் உள்ளே போய்விடுவார்.

யாரென்று அக்காவின் பெண்ணைக் கேட்டேன். "எங்க சின்னம்மா. ஆனா பேச மாட்டோம்," என்றாள், ஏதோ பள்ளிக்கூட விதியைச் சொல்வதுபோல.

நாலு வருடமாகப் பேச்சில்லை. காரணம் பெரியவர்கள் சொல்லித் துண்டு துண்டாகத் தெரியவந்தது. அந்தப் பக்கம் ஒரு கம்பெனி வேலை தொடங்கியபோது, ஆறு கெட்டால் பிழைப்பு போகும், அதனால் குப்பத்து ஆட்களுக்கு வேலை கொடு என்று ஊரே ரோட்டில் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் நின்றவர் அக்காவின் கணவர். பதினோரு நாள் உட்கார்ந்த பிறகு, குப்பத்திலிருந்து ஒரே ஒருவரைத்தான் ஒப்பந்த வேலைக்கு எடுத்தார்கள். அவர் தங்கையின் கணவர். அவர் வேலையில் சேர்ந்துவிட்டார். போராட்டம் அதோடு கலைந்தது. அக்கா, தங்கை வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினாராம். அதற்குப் பிறகு இரண்டு வீட்டுக்கும் நடுவில் கோழிகள் மட்டும்தான் போய்வந்தன.

பேசாமல் பேசிக்கொள்ளும் வித்தையை நான் அங்கேதான் பார்த்தேன். எதிர்வீட்டுக்குக் கேட்க வேண்டியதை அக்கா கோழியிடம் சொல்வார். "நாலு காசு பாத்துட்டா திமிரு ஏறிடுது, ச்சூ, போ அந்தாண்ட!" எதிரில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கூடும். அதுதான் பதில்.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம், அக்கா மார்க்கெட்டிலிருந்து வராத நேரத்தில், பச்சைக் கதவு திறந்தது. "இந்தாம்மா, படிக்கிற பொண்ணு. இப்டி வா." உள்ளே இழுத்து ஒரு கிண்ணத்தை என் கையில் வைத்தார். நண்டுக் குழம்பு. "சும்மா நோட்டும் கையுமா சுத்திகினு கீற. துன்னு. ஒடம்ப பாரு, கருவாடு மாதிரி."

அங்கேயே சாப்பிட்டிருக்க வேண்டும். நான் விவரமில்லாமல் கிண்ணத்தோடு அக்கா வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா திரும்பி வந்து பார்த்தார். ஏது என்று கேட்கவில்லை. விரலால் தொட்டு நாக்கில் வைத்து, "புளி சாஸ்தி," என்றார். பிறகு தட்டில் சோறு போட்டு, முக்கால் குழம்பையும் ஊற்றிச் சாப்பிட்டு முடித்தார்.

மறுநாள் அதே கிண்ணத்தில் வறுத்த கருவாட்டை வைத்து என்னிடம் நீட்டினார். "வெறும் கிண்ணத்த குடுக்கக் கூடாது. நா குட்த்தேன்னு சொல்லாத. நீ வறுத்தேன்னு சொல்லு."

எனக்கு அப்போது வெந்நீர் வைக்க மட்டும்தான் தெரியும். சின்னக்கா (அவரை அப்படித்தான் கூப்பிடத் தொடங்கியிருந்தேன்) ஒரு துண்டைக் கடித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீயா வறுத்த?"

"ஆமாங்க்கா."

"ஓஹோ. வியாசர்பாடில கருவாட்டுல இப்டிதான் சோம்பு தட்டிப் போடுவாங்களா? எங்க அம்மாவும் அப்டித்தான் போடும்." கிண்ணத்தைக் கழுவி வைத்துவிட்டு, முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார்.

அதன் பிறகு கிண்ணம் இரண்டு நாளைக்கு ஒருமுறை என் கையில் ஆற்றைக் கடப்பதுபோல அந்த நாலு எட்டைக் கடந்தது. நான் இரண்டு கிலோ கூடினேன்.

அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வடகிழக்கு மழை அந்த வருடம் விடாமல் பெய்தது. அக்காவின் கூரை மூன்று இடத்தில் ஒழுகியது. சட்டி வைத்தோம், குண்டான் வைத்தோம். என் நோட்டுகளைப் பாலிதீன் பையில் சுற்றி வைத்தும் ஓரம் நனைந்து மை பரவிவிட்டது. இருபது நாள் எண்ணிக்கை. நான் அழுகிற முகத்தோடு பக்கங்களைப் பிரித்து ஊதிக்கொண்டிருந்தேன். அக்கா என்னைப் பார்த்தார். வெளியே மழையைப் பார்த்தார். என் பக்கம் திரும்பாமல் சொன்னார்: "பைய எட்துக்கோ. எதிர் வூட்டுக்குப் போ. அவ வூடு ஒழுவாது."

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது, உடனே உள்ளே போய் அடுப்பைத் தேவையில்லாமல் ஊதியதில் தெரிந்தது.

சின்னக்கா வீட்டில் அவரும் கணவரும் மட்டும்தான். குழந்தை இல்லை. எனக்காகக் கட்டிலை ஒதுக்கிவிட்டு இருவரும் தரையில் படுத்தார்கள். முதல்நாளே சின்னக்கா கேட்ட கேள்வி, "அதுக்கு முட்டி வலி இன்னும் கீதா? எண்ணெ தேய்க்குதா?" அக்கா என்ற சொல் அவர் வாயில் வரவில்லை, 'அது' என்றுதான் சொன்னார்.

அவர் கணவர் மெலிந்த மனிதர். ஷிப்ட் முடிந்து வந்தால் ஜன்னலில் உட்கார்ந்து ஆற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு சாயங்காலம் நான் கேட்காமலே சொன்னார்: "ஊர் மொத்தத்துக்கும்தான்மா வேல கேட்டோம். எனுக்கு மட்டும் குட்த்தாங்க. வாணாம்னு சொல்லியிருக்கணும். சொல்லல. அப்போ இவுளுக்கு வைத்தியம் பாத்துகினு இருந்தோம். அத்த காரணமா சொல்லலாம். ஆனா யாரும் கேக்கல, நானும் சொல்லல." நான் பாட்டில் மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் ஆறு வீதிக்குள் வந்தது. மேலே ஏரிகளிலிருந்து தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. கீழே முகத்துவாரத்தைக் கடல் மணல் போட்டு அடைத்துவிட்டிருந்தது. போக வழியில்லாத தண்ணீர் குப்பத்துக்குள் ஏறியது. அக்கா வீட்டு அடுப்பு மூழ்கியது. காலையில் மழை கொஞ்சம் விட்டபோது ஊர்க்காரர்கள் கூடி, முகத்துவாரத்தை நாமே வெட்டிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள். இயந்திரத்துக்குச் சொல்லி அனுப்பியாயிற்று, அது வரும் வரை காத்திருந்தால் வீடு மிஞ்சாது என்றார் அக்காவின் கணவர்.

எல்லோரும் போனோம். படகில் ஏறக்கூடியவர்கள் படகில், மற்றவர்கள் கரையோரமாக. மண்வெட்டி, கடப்பாரை, அன்னக்கூடை, சிமெண்ட் சட்டி, சோறு வடிக்கும் குண்டான் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு பக்கம் பழுப்பாகத் தேங்கி நிற்கும் ஆறு. ஒரு பக்கம் கடல். நடுவில் அகலமான மணல் திட்டு. ஆண்கள் வெட்ட, பெண்கள் வரிசையாக நின்று மணலைக் கைமாற்றிக் கொட்டினோம்.

வரிசை தானாக அமைந்தது. யோசித்து யாரும் நிற்கவில்லை. பார்த்தால் எனக்கு இடப்பக்கம் அக்கா, வலப்பக்கம் சின்னக்கா. அக்கா தரும் சட்டியை வாங்கிச் சின்னக்காவிடம் கொடுத்துக்கொண்டே இருந்தேன். அரைமணி நேரத்தில் என் உள்ளங்கைகள் கொப்பளித்துவிட்டன. ஒரு சட்டியைக் கீழே போட்டேன். அக்கா என் கையைப் புரட்டிப் பார்த்தார்.

"நவுரு. பேனா புடிக்கிற கையி. போயி குந்து."

நான் விலகினேன். அடுத்த சட்டியை அக்கா நீட்டியபோது எதிரே நான் இல்லை. ஒரு நொடி சட்டி காற்றில் நின்றது. சின்னக்கா வாங்கிக்கொண்டார். அதன் பிறகு சட்டிகள் நிற்கவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், கைகளை மட்டும் பார்த்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் மணல் மாற்றினார்கள்.

பத்து மணிவாக்கில் சின்னக்காவின் கணவர் வந்தார். இரவு ஷிப்ட் முடித்து, காக்கி உடுப்போடு நேராக நடந்து வந்திருந்தார். கொஞ்சம் தள்ளி நின்றார். வெட்டிக்கொண்டிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்கள். அக்காவின் கணவர் மட்டும் நிமிர்ந்தவர் நிமிர்ந்தபடியே இருந்தார். பிறகு கையிலிருந்த மண்வெட்டியை வந்தவரின் காலடியில் எறிந்தார்.

"வேடிக்க பாக்கவா வந்த? எட்து வெட்டு."

அவர் சட்டையைக் கழற்றிவிட்டு இறங்கினார்.

வாய்க்கால் கடலைத் தொட்டபோது முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு கயிறு தடிமனுக்குத் தண்ணீர் ஊர்ந்து போயிற்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். அப்புறம் அது பாய் அகலமானது, படகு அகலமானது, இரண்டு கரையும் இடி போன்ற சத்தத்தோடு பெயர்ந்து விழத் தொடங்கின. எல்லோரும் பின்னால் ஓடினோம். சின்னக்கா மட்டும் சட்டியைத் தேடிக்கொண்டு கரை விளிம்பில் குனிந்திருந்தார்.

"ஏ குட்டி! கரை ஒடையுதுடி, இப்டி வாடி!"

அக்காதான். முட்டி வலிக்காரர் அப்படி ஓடுவார் என்று யாரும் நினைத்திருக்க முடியாது. சின்னக்காவின் கையைப் பிடித்து ஒரே இழுப்பு. இருவரும் மணலில் விழுந்தார்கள். சின்னக்கா நின்ற இடம் சட்டியோடு ஆற்றில் போனது.

எழுந்ததும் அக்கா திட்டத் தொடங்கினார். "சட்டி பெருசா உசுரு பெருசா? பொடவய பாரு, கால தட்டுது. தூக்கி சொருவத் தெரியுதா ஒனுக்கு? கல்யாணத்தன்னிக்கி கட்டிவுட்டேன், அப்போலேர்ந்து கத்துக்கல." திட்டிக்கொண்டே தங்கையின் ஈரப் புடவையை இழுத்து இடுப்பில் செருகினார். சின்னக்கா சின்னப் பிள்ளைபோலக் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். அழுதாரா என்று தெரியவில்லை. எல்லோர் முகத்திலும் உப்புத் தண்ணீர்தான் இருந்தது.

"முட்டி எப்டி கீது?" என்று மட்டும் கேட்டார்.

"கீது," என்றார் அக்கா.

இரண்டே நாளில் குப்பத்துத் தண்ணீர் வடிந்துவிட்டது. அக்கா என் பையை எடுத்துப்போகச் சின்னக்கா வீட்டுக்குள் வந்தார். தளத்தையும் தரையையும் சுற்றிப் பார்த்தார். "தர வழுக்குது. எவன் போட்டான் இத்த?" என்றார். சின்னக்கா பையை விடவில்லை. மீதி நாட்கள் நான் யார் வீட்டில் இருப்பது என்று அங்கேயே சண்டை. கோழியிடம் சொல்லாமல், நேருக்கு நேர், தெருவே கேட்கும்படி நடந்த சண்டை அது. முடிவில் சாப்பாடு அக்கா வீட்டில், படுக்கை சின்னக்கா வீட்டில் என்று ஆண்கள் தீர்த்துவைத்தார்கள்.

முகத்துவாரம் திறந்ததும் கடல்நீர் உள்ளே வந்தது. என் நோட்டில் உப்பளவு திடீரென்று மேலே ஏறியது. அதன் பின்னாலேயே இறால் குஞ்சுகள், எண்ணி முடியாத அளவுக்கு. பேராசிரியை முதலில் கருவி கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தார். நடந்ததைச் சொன்னேன். "அதையே எழுதும்மா," என்றார். ஆய்வேட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான். மணலில் விழுந்த இரண்டு பெண்களைப் பற்றி அதில் எழுத இடமில்லை.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணம் வியாசர்பாடியில் நடந்தது. சகோதரிகள் இருவரும் விடிகாலைப் படகு பிடித்து, ஒரு கூடை இறாலோடு வந்து சேர்ந்தார்கள். மேடையில் புத்தர் படமும் மெழுகுவத்தியும் மட்டும் இருப்பதைப் பார்த்துவிட்டு அக்கா அப்பாவைக் கேட்டார், "இன்னாண்ணா, ஐயரு இன்னும் வர்லியா?"

"எங்களுக்கு ஐயர் கிடையாதும்மா. நாங்களே உறுதிமொழி படிச்சி மாலை மாத்திப்போம்."

"அவ்ளோதானா?" அக்கா கொஞ்சம் யோசித்தார். "நல்லதா போச்சி. பொக கண்ணுல படாது."

சின்னக்கா அவர் இடுப்பில் இடித்தார். இருவரும் முன்வரிசையில் உட்கார்ந்து, என் புடவையின் நிறம் சரியா இல்லையா என்று கடைசிவரை விவாதித்தார்கள். அப்பா இரண்டு முறை வந்து சாப்பிட எழுப்பியும் எழுந்திருக்கவில்லை.

அப்புறம் நான் வேலைக்காக வெளியூர் போய்விட்டேன். அக்காவின் முட்டி மோசமாகிப் படகேற முடியாமல் போனபோது, மார்க்கெட்டில் அவர் சாக்கு விரித்த இடத்தில் சின்னக்கா வந்து உட்கார்ந்தார் என்று அம்மா போனில் சொன்னாள். விடுமுறைக்கு வந்தபோது பார்க்கப் போனேன். தூரத்திலிருந்தே குரல் கேட்டது. யாரோ மீனை அமுக்கிப் பார்த்ததற்குத் திட்டு விழுந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் கை கழுவாமலே கன்னத்தைப் பிடித்தார். "அக்கா கேட்டுகினே கீது. எப்போ வர்ற?"

அடுத்த மாதம் வருகிறேன் என்றேன். அந்த நாற்பது நாளுக்குப் பிறகு இத்தனை வருடத்தில் நான் போனது இரண்டே முறைதான். இரண்டு முறையும் தங்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, நாலு மணிப் படகில் திரும்பிவிட்டேன்.